ஆறும் காடும் – 9: பத்து டி.எம்.சி.யில் ஒரு காடு

ஜூன் பிறந்துவிட்டால் பிலிகுண்டுலு என்ற பெயர் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் தினமும் அச்சாகும். கபினியில் எவ்வளவு திறந்தார்கள், பிலிகுண்டுலுவைத் தாண்டி எத்தனை கன அடி வந்தது, மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி என்று மூன்று எண்கள் வரிசையாக வரும். மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. காவிரியில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டிய பங்கு அங்கேதான் அளக்கப்படுகிறது. நாற்று விடலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று யோசிக்கும் தஞ்சை விவசாயிக்கு, அந்த ஊரைப் பார்த்திராவிட்டாலும் அதன் பெயர் அத்துப்படி.

அளவுகோல் நட்டிருக்கும் அந்தக் கரையில் என்ன நிற்கிறது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

நிற்பது நீர்மருது. ஒன்றிரண்டு மரங்கள் அல்ல, ஆறு வளையும் இடமெல்லாம் கூடவே வளைந்து வரும் வரிசை. முதிர்ந்த மரத்தின் அடியை மூன்று நான்கு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். பட்டை வெளிறிய சாம்பல் நிறம், தொட்டால் வழவழப்பு. பழைய பட்டை பெரிய பெரிய தகடுகளாக உரிந்து விழ, அடியிலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுப்பட்டை தெரியும். ஆற்றைப் பார்த்த பக்கத்தில் வெள்ளம் மண்ணை அரித்துப் போனதால் வேர்கள் வெளியே வந்து பாறைகளைக் கட்டிப் பிடித்திருக்கும். கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு கிளைக் கவட்டில் சருகும் நாணலும் கிழிந்த சாக்கும் பிளாஸ்டிக் பையும் உருண்டையாகச் சிக்கிக் கிடக்கும். கடைசியாக வந்த பெருவெள்ளம் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்கு ஒரு சாலை போகிறது. காவிரிக்கரைக் காட்டை அறிய விரும்புகிறவர் தருமபுரி வழியை விட்டுவிட்டு இந்தச் சாலையில் ஒருமுறையாவது வர வேண்டும். வழிநெடுக வறண்ட மலைகள். உசில், வேல், கிளுவை, அங்கங்கே கள்ளி, மூங்கில். பங்குனி சித்திரையில் இலையே இருக்காது, மலை முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் கிடக்கும். அந்தச் சாம்பல் நிறத்தின் நடுவே, கீழே பள்ளத்தில், பச்சையாக ஒரே ஒரு கோடு. மருதும் நாவலும் புங்கமும் அத்தியும் புளியும் சேர்ந்த கோடு அது. பல இடங்களில் அதன் அகலம் சில பத்து மீட்டர்தான். கரையை விட்டு மேலே நாலு எட்டு வைத்தால் முள்காடு தொடங்கிவிடும். இந்த வட்டாரத்து விலங்குகளில் பெரும்பாலானவை கோடையில் உயிர் பிழைத்திருப்பது அந்தக் குறுகலான பச்சையை நம்பித்தான்.

காவிரி மொத்தம் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 64 கிலோமீட்டருக்கு அது இரு மாநிலங்களின் எல்லை. இடக்கரையில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள்; எதிர்க்கரை கர்நாடகம். எல்லை என்பதும் அப்படியொன்றும் பழையதல்ல. எதிர்க்கரையின் கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஒகேனக்கல் அருகே காவிரிக்கரையில் இருக்கும் ஆலம்பாடியின் பெயரில்தான் ஆலம்பாடி மாட்டினம் வழங்குகிறது. இந்தக் காடுகளில் மேய்ந்து உரமேறிய உழவுமாடு அது. இரு கரை ஊர்களிலும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்குகின்றன. சாப்பாடு ராகிக்களி. அறுவடைக் காலம் வந்தால் ராகிக் கொல்லையில் பரண் கட்டி இரவெல்லாம் யானைக்குக் காவல் இருப்பதும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு மட்டும் இரு கரைகளுக்கும் ஒரே சமயத்தில் வரவில்லை. கர்நாடகம் தன் பக்கத்தை 1987-ல் காவிரி காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாட்டுப் பக்கம் அதற்கு 27 ஆண்டுகள் காத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த மலைகளின் பெயரைச் சொன்னால் வீரப்பன் பெயர்தான் நினைவுக்கு வரும். 2004 அக்டோபரில் அவர் கொல்லப்படும் வரை ஆய்வாளர்களும் பயணிகளும் உள்ளே காலெடுத்து வைக்கத் தயங்கினார்கள். 2014-ல் 504 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்குச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் வந்தன. இன்று வடக்கே பன்னேர்கட்டாவிலிருந்து தெற்கே மாதேஸ்வரன் மலை, பிலிகிரி ரங்கன் மலை, சத்தியமங்கலம் வரை யானைக்கு ஏறக்குறைய அறுபடாத வழி இருக்கிறது. அந்த வழியின் நடுவே தண்ணீர்த்துறை காவிரி.

சரணாலயத்துக்குள் நினைத்தபடி நடந்துவிட முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்து உள்ளே போகிறவருக்கு முன்னால் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் நடப்பார். பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்க்காரர். யானையைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலில் வருகிறவர்களின் கண் மலைச் சரிவிலேயே இருக்கும். காவலரோ கையை மேலே நீட்டுவார்: "சார், சத்தம் வேண்டாம். அந்தக் கவட்டுல பாருங்க."

கவட்டில் ஓர் இலைப்பந்து. பக்கத்து மரத்தில் இன்னொன்று. சாம்பல் நிற மலை அணிலின் கூடுகள் அவை. மூக்கிலிருந்து வால் நுனிவரை முக்கால் மீட்டர் நீளம், எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல். வீட்டுக் கூரையில் ஓடும் அணிலை மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறவர், கிளையில் நீட்டிப் படுத்திருக்கும் இந்தப் பிராணியைப் பார்த்தும் பாராமல் போய்விடுவார். உலகத்தில் இந்த இனம் இருப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும். தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் இதற்குப் பேர்போனது. 1988-ல் அங்கே தொடங்கிய சரணாலயமே இதன் பெயரில்தான். காவிரிக்கரை அதற்கு அடுத்த முக்கியமான வாழிடங்களில் ஒன்று.

இந்த அணில் கூடு கட்டும் இடத்தைக் கவனித்தால் காட்டைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடும் இடமாகப் பார்த்துத்தான் அது கட்டுகிறது. கழுகு மேலே வட்டமிட்டாலோ சிறுத்தை கீழே வந்தாலோ தரையில் கால் படாமல் மரத்துக்கு மரம் தாவி ஓடியாக வேண்டும். வரிசையில் இரண்டு மரம் விழுந்தால் அந்த இடத்தோடு அதன் உலகம் முடிந்துவிடும். மலைச்சரிவின் முள்மரங்கள் அதற்கு உதவா. ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் அணிலின் நாடு 30, 40 மீட்டர் அகலமும் பல கிலோமீட்டர் நீளமும் கொண்ட ஒரு நாடா. வேறு எந்த விலங்கின் வாழ்க்கையும் கரையோரத்து மரவரிசையோடு இவ்வளவு இறுக்கமாகப் பின்னியதாகத் தெரியவில்லை.

கீழே ஆற்று மணலிலும் படிக்க நிறைய இருக்கிறது. பாறைத் திட்டின் மேல் கறுத்துக் காய்ந்த எச்சம் கிடக்கும். குச்சியால் கிளறினால் மீன் செதிலும் நண்டோட்டுத் துணுக்கும் பளபளக்கும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று அந்தப் பாறையைத் தன் பொதுக் கழிப்பிடமாக வைத்திருக்கிறது என்று அர்த்தம். மருதின் வேர்ப்பொந்துகள் அவற்றுக்கு வீடு. கூட்டமாக நீந்தி மீனை ஆழமில்லாத பக்கம் ஓட்டிக்கொண்டு வந்து பிடிப்பதை அதிகாலையில், பொறுமை இருந்தால், பார்க்கலாம். ஆற்றில் தோட்டா போட்டு மீன் பிடிக்கும் இடங்களை விட்டு நீர்நாய்கள் போய்விடுகின்றன. வெடித்த மடுவில் சிறுமீனும் முட்டையும் சேர்ந்தே அழிவதால் அங்கே அவற்றுக்கு இரையும் இல்லை. உரிமம் வாங்கிப் பரிசலில் வலை வீசும் மீனவக் குடும்பங்களுக்கும் இதே நஷ்டம்தான்.

மடுக்களைப் பற்றிச் சொல்ல வந்தால் மகசீரைச் சொல்லாமல் முடியாது. திமிலுள்ள மகசீர் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரிய மீன். 1946-ல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் தூண்டில் போட்டு 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையில் ஒன்றைப் பிடித்தார். அந்தப் புகழால் உலகத்துத் தூண்டில்காரர்கள் காவிரிக்குப் படையெடுத்தார்கள். பிற்காலத்தில் எல்லைக்குச் சற்று மேலே பீமேஸ்வரி, காலிபோர் முகாம்களில் ஒரு நடைமுறை இருந்தது. பிடித்த மீனை எடை பார்த்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டு, திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

அந்தக் குறிப்பேடுதான் பின்னால் அறிவியலுக்கு உதவியது. 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, பிடிபட்ட மகசீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் கூடியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். காவிரியின் சொந்த மீனான திமில் மகசீர் அருகிக்கொண்டே வந்து, கடைசி ஆண்டுகளில் அபூர்வமாகிவிட்டது. நீலத்துடுப்பு இங்கே தானாக வந்ததல்ல. மகாராஷ்டிரத்தின் லோணாவளா பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்து, மகசீர் குறைகிறதே என்ற அக்கறையில், நல்லெண்ணத்தோடு காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். மகசீர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று அன்று நினைத்தார்கள். திமில் மகசீருக்கு முறையான அறிவியல் பெயர்கூடத் தெளிவாகவில்லை. 2018-ல்தான் அது டோர் ரேமாதேவி என்று உறுதியானது. கேரளத்தின் பாம்பாற்றில் ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த மீனும் இதுவும் ஒன்றே என்று கண்டார்கள். பாம்பாறு அமராவதியாகி வந்து காவிரியில் கலக்கும் ஆறு என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. 54 கிலோ வளரும் ஒரு மீன் பெயர் உறுதியாகும் முன்பே நம் கண்ணெதிரில் காணாமல் போகப் பார்த்தது.

லீத் மென்னோட்டு ஆமையின் நிலையும் இதேதான். தீபகற்ப இந்தியாவின் ஆறுகளில் மட்டும் வாழும் இந்தப் பெரிய ஆமைக்கு, 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த, காட்டுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு மாநாட்டில், வணிகத்துக்கு முழுத்தடை விதிக்கும் முதல் பட்டியலில் இடம் கிடைத்தது. முன்மொழிந்தது இந்தியா. அதே மாதத்தில்தான் தமிழ்நாட்டில் காவிரி தெற்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது இந்த ஆமை.

இனி பிலிகுண்டுலு அளவுகோலுக்குத் திரும்ப வேண்டும்.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது, ஆற்றில் ஓராண்டுக்கு 740 டி.எம்.சி. தண்ணீர் இருப்பதாகக் கணக்கிட்டது. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கடலுக்குப் போவதைத் தடுக்க முடியாதென்று 4. மீதி 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்தது. பிலிகுண்டுலுவில் வர வேண்டியது 192-லிருந்து 177.25 ஆனது. அந்த வெட்டிலும் சுற்றுச்சூழலுக்கான 10 டி.எம்.சி.யில் நீதிமன்றம் கைவைக்கவில்லை.

அட்டவணையை மாதவாரியாகப் பார்த்தால் அந்தப் பத்து எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆகஸ்ட்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 என்று இறங்கி வந்து, ஜனவரியில் 2.76. பிறகு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஒவ்வொன்றுக்கும் 2.5. நான்கு மாதமும் சேர்ந்தால் சரியாகப் பத்து. ஒரு மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. என்பது விநாடிக்கு ஏறத்தாழ 950 கன அடி. வெள்ளக் காலத்தில் இதே ஆற்றில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி வரை ஓடுகிறது. அதன் பக்கத்தில் 950 மிகச் சொற்பம். ஆனால் மடு வற்றாமலிருக்க அந்தச் சொற்பம்தான் கைகொடுக்க வேண்டும்.

இந்த நான்கு மாதங்களில் கரையில் நடப்பவற்றை அடுக்கினால் காட்டின் ஆண்டுக் கணக்கே அதற்குள் அடங்கிவிடும். மருதின் ஐந்து சிறகுக் காய்கள் முற்றி உதிர்கின்றன. முதலைகள் மணல் திட்டில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. மலையில் குட்டைகள் வற்றிப் போவதால் யானைகள் குட்டிகளோடு ஆற்றுக்கு இறங்குகின்றன. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். மகசீர்கள் ஓட்டம் நின்ற இடங்களை விட்டு ஆழமான மடுக்களில் ஒடுங்குகின்றன. வெயில் ஏறி, மடுவில் நீர் குறைந்து, பிராணவாயு குறையும்போது அவற்றுக்குப் போக வேறு இடமில்லை. இப்படிப்பட்ட மாதங்களில், 2024 கோடையில், ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து சில நூறு கன அடிக்குச் சரிந்தது. அருவி பாறையாக நின்றதைப் படம் பிடித்துப் போட்டார்கள். செய்தியில் பரிசல் ஓட்டிகளின் வருமானம் இருந்தது, மேட்டூர் நீர்மட்டம் இருந்தது. இரண்டும் இருக்க வேண்டியவைதான். சட்டப்படி ஆற்றுக்கென்றே ஒதுக்கிய தண்ணீர் அந்த மாதங்களுக்கு உண்டு என்பதும் அவற்றோடு இருந்திருக்க வேண்டும்.

அணை விவகாரத்திலும் இதே குறைதான். கர்நாடகம் மேகேதாட்டுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டி 400 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டமிடுகிறது. ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் மூழ்கும். அதில் மிகப் பெரும்பகுதி சரணாலயக் காடு. தமிழ்நாடு எதிர்க்கிறது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் தமிழ்நாடு வைக்கும் வாதம் முழுக்கத் தண்ணீர்ப் பங்கைப் பற்றியது. டெல்டா விவசாயிகளில் ஒரு பகுதியினரோ, மேகேதாட்டுவுக்குப் பதிலாக ராசிமணலில் தமிழ்நாடே அணை கட்ட வேண்டும் என்கிறார்கள். ராசிமணல் இதே மருது வரிசையில், இதே அணிலின் நாட்டில் இருக்கிறது. எந்த மாநிலத்தின் சிமெண்டு என்று பார்த்து மரம் மூழ்குவதில்லை.

நீர்த்தேக்கம் வந்தால் அதன் கரையில் புதிதாக மருது முளைக்காதா என்று கேட்கிறவர்கள் உண்டு. மேட்டூரைப் போய்ப் பார்க்கலாம். 1934-ல் கட்டி முடித்த அணை. கோடையில் நீர் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவக் கோபுரமும் வெளியே தெரியும். சுற்றிலும் வெடித்த சேறு, அதில் கிடைத்த மாதங்களுக்கு விதைத்த பயிர். நீர்மட்டம் பல பத்து அடி என்று ஏறியிறங்கும் கரையில் மருதங்கன்று வேர் பிடிக்க அவகாசமில்லை. ஓடும் வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து போட்டு, மெதுவாக வடிந்து, ஈரத்தை விட்டுப்போனால்தான் அந்த விதை பிழைக்கும். தேங்கிய நீர் அந்த வேலையைச் செய்யாது. மேட்டூர் அணையால் டெல்டாவில் எத்தனை லட்சம் ஏக்கர் விளைகிறது என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. அந்த அணைக்கு மேலே, ஓடும் காவிரியாக மிச்சமிருக்கும் நீளம் கொஞ்சம்தான் என்பதால், அதையும் தேக்க வேண்டாம் என்று கேட்கும் உரிமை இரு மாநிலத்தாருக்கும் உண்டு.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வெள்ளம் வடிந்து மணல்திட்டுகள் வெளியே வந்திருக்கும், வெயிலும் தாங்கும். அஞ்செட்டிச் சாலையில் சூரியன் சாய்ந்த பிறகு வண்டி ஓட்ட வேண்டாம், யானை குறுக்கே வரும். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் பாக்கெட்டையும் ஆற்றில் போட்டால் அவை போய்ச் சேரும் இடம் மருதின் கிளைக் கவடும் மேட்டூரும்தான். மடுவில் இறங்கிக் குளிக்கக் கூடாது. முதலை இருக்கிறது, அதைவிட ஆபத்தான சுழலும் இருக்கிறது.

2018 முதல் இயங்கும் காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் பிலிகுண்டுலுக் கணக்கை அவ்வப்போது சரிபார்க்கின்றன. சம்பாவும் குறுவையும் பேசப்படும் கூட்டங்களுக்கு எல்லோரும் தயாராகப் போகிறார்கள். பிப்ரவரி முதல் மே வரையிலான அந்த நான்கு 2.5-களைக் கேட்டு வாங்க இரு மாநில வனத்துறைகளும் அந்த மேசையில் உட்கார வேண்டும். சரணாலயம் என்று அரசிதழில் போட்டதன் பொருள் காட்டின் எல்லையைக் காப்பதோடு முடிவதில்லை. அந்தக் காடு குடிக்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. தீர்ப்பில் எழுதியிருக்கிறது, அட்டவணையில் மாதம் போட்டிருக்கிறது, அளக்க நிலையமும் இருக்கிறது.

அடுத்த வாரம் தாமிரபரணிக் கரை. திருப்புடைமருதூரில் வெறும் 2.84 ஹெக்டேர் பரப்பு 2005-ல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம் ஆன கதை. அங்கேயும் நிற்பது மருதுதான், காத்தவர்கள் ஊர்க்காரர்கள்.